பதினொரு பொம்மைகளும் ஒரு பிடி புல்லும்

அண்ணன் மகள் வளர்க்கும் முயலுக்குப் பெயர் பஞ்சு. எடை 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, வயது மூன்று. ஒரு வெள்ளிக்கிழமை காலை அது தீனிக் கிண்ணத்தின் பக்கம் வந்தது, மோந்தது, ஒரு வாய் எடுத்தது, எடுத்ததைக் கீழே போட்டுவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. மத்தியானத்துக்குள் மோவாய் ரோமமெல்லாம் எச்சிலில் நனைந்துவிட்டது. கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவர் உதட்டை விலக்கி முன்பற்களைப் பார்த்தார். "முன்னாடி நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவியை வாயோரமாக நுழைத்துக் கடைவாயைப் பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் உள்விளிம்பு முள்ளாக நீண்டு நாக்கின் ஓரத்தைக் கிழித்திருந்தது.

"என்னம்மா தின்னக் குடுக்குறீங்க?"

அண்ணன் மகள் வரிசையாகச் சொன்னாள். பெல்லட் தீனி, கேரட், ஆப்பிள், கெஞ்சினால் பிஸ்கட். புல்? எப்போதாவது. "ஆனா டாக்டர், பல்லு தேயணும்னு மரக்கட்டை பொம்மையெல்லாம் வாங்கிப் போட்டிருக்கேன்" என்றாள். பிற்பாடு வீட்டில் எண்ணிப் பார்த்தோம். கடிக்கும் கட்டை, தொங்கும் மணி, உருளும் பந்து, உப்புக் கல், பிளாஸ்டிக் சுரங்கம் என்று பதினொன்று இருந்தன.

"பொம்மைக்குப் போட்ட காசைப் புல்லுக்குப் போட்டிருக்கலாம்" என்றார் மருத்துவர். கடிந்து சொல்லவில்லை, மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்தது. காய்ந்த புல்லில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் பழைய தப்பு ஒன்றைத் தள்ளிவிடலாம். முயல், எலி அணில் வகையறா அல்ல. 1912ஆம் ஆண்டு அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜேம்ஸ் கிட்லி, முயல்களைக் கொறித்துண்ணிகளின் வரிசையிலிருந்து எடுத்துத் தனி வரிசையில் வைக்க வேண்டும் என்று வாதிட்டார். வாயைத் திறந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும். எலிக்கு மேல்தாடையில் முன்பல் இரண்டு. முயலுக்கு நான்கு: பெரிய இரண்டுக்குப் பின்னால், ஒளிந்துகொண்டதுபோலக் குட்டியாக இன்னும் இரண்டு. மொத்தம் 28 பற்கள். வீட்டு எலிக்கும் அணிலுக்கும் முன்பற்கள் மட்டும்தான் வாழ்நாள் முழுக்க வளரும். முயலுக்கு 28ம் வளரும்.

முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்கிறது. தேயாமல் விட்டால் ஓராண்டில் 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். கடைவாய்ப் பல்லுக்கு வேகம் குறைவு, மாதத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர். இந்த மெதுவான வளர்ச்சிதான் ஆபத்து, ஏனென்றால் யார் கண்ணிலும் படாது. மேல்பக்கம் தேயாத பல் எதிர்ப்பல்லில் முட்டி நின்றுவிட்டால் வளர்ச்சி வேர்ப்பக்கம் திரும்புகிறது. கீழ்த்தாடையைத் தடவினால் எலும்பில் புடைப்பு தட்டுப்படும். மேல்தாடையில் வேர் மேலேறிக் கண்ணீர்க் குழாயை நெருக்கும். கண்ணில் நீர் வடிகிறது என்று கொண்டுவரும் முயலுக்கும் மருத்துவர் பல்லைப் பார்ப்பது இதனால்தான்.

இனி தேய்மானம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். முயலின் கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் குறுகலானது. வாயைச் சும்மா மூடினால் இரண்டு வரிசையும் முழுதாகப் பொருந்தாது. அது புல்லைத் தின்னும்போது கீழ்த்தாடையைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து அரைக்கிறது, அம்மியில் குழவி போய்வருவதுபோல. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல்கூட இந்த அரைப்பு நடக்கும். பெல்லட்டையோ தானியத்தையோ கொடுத்துப் பாருங்கள், அசைவு மாறிவிடும். அங்கே மேலும் கீழுமாக இடிப்பதுதான் அதிகம், அதாவது உரல் உலக்கை வேலை. இரண்டு இடி இடித்தால் பெல்லட் பொடியாகிவிடுகிறது. அம்மி தேய்வதுபோல உரல் ஒரு சீராகத் தேயாது. கீழ்ப்பல்லின் உள்விளிம்பும் மேல்பல்லின் வெளிவிளிம்பும் தேய்ப்பு படாமல் தப்பித்து முள்ளாக நீள்கின்றன. கீழ்முள் நாக்கைக் கிழிக்கும், மேல்முள் கன்னத்தைக் கிழிக்கும். பஞ்சுவுக்கு நடந்தது முதலாவது.

அரைக்கும் அசைவு மட்டும் போதாது, அரைபடும் பொருளும் கரகரப்பாக இருக்க வேண்டும். புல் அந்தக் கரகரப்பைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. வேர்வழியாக நீரோடு ஏறும் சிலிக்காவைப் புல்லினங்கள் இலையிலும் தண்டிலும் நுண்ணிய துகள்களாகப் படிய வைத்துக்கொள்கின்றன. நெல்வயலில் களை பறித்தவர்களின் முன்கையைப் பார்த்தால் மெல்லிய கீறல்கள் இருக்கும். கரும்புத் தோகை கையைக் கிழிக்கும். அதே சிலிக்காதான் நெல்லின் உமியில் மிக அதிகமாகச் சேர்கிறது. என் பாட்டி கடைசிவரை உமிக்கரியில்தான் பல் துலக்கினார். பற்பசை வாங்கிக் கொடுத்தால் "வழவழன்னு என்னடா இது" என்று வைத்துவிடுவார். பாட்டியின் பல்லைத் தேய்த்ததும் முயலின் பல்லைத் தேய்ப்பதும் ஒரே பொருள். பாட்டிக்கு அது தேய்த்தது நல்லதில்லை, மனிதப் பல் திரும்ப வளராது. முயலுக்கு அது தேய்க்காவிட்டால்தான் கேடு.

மரக்கட்டை பொம்மை இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? எங்கேயும் வரவில்லை. கட்டையை முயல் முன்பல்லால்தான் கொறிக்கிறது. கடைவாய்ப் பல் கட்டையைத் தொடுவதே இல்லை. முன்பல்லுக்கும்கூடக் கட்டை பெரிய உதவியில்லை. மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் ஒன்றோடொன்று உரசித்தான் தேய்ந்து கூராகின்றன, அந்த உரசலும் மெல்லும்போதே நடந்துவிடுகிறது. "பல் தேய" என்று அட்டையில் அச்சடித்து விற்கும் பொருள் தேய்க்க வேண்டிய பல்லைத் தேய்ப்பதில்லை. உப்புக் கல்லும் கனிமக் கல்லும் இன்னும் வீண். முயலின் உடல், உணவிலிருக்கும் கால்சியத்தைத் தேவை பார்க்காமல் உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். கூடுதல் கால்சியம் மூத்திரப்பையில் சேறாகப் படியலாம்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பல்கோளாறும் புல்லால் தீராது. முகம் குட்டையாக வருமாறு பார்த்துப் பார்த்து மனிதர்கள் உருவாக்கிய சில இனங்களில் கீழ்த்தாடை முன்னே துருத்திக்கொண்டே பிறக்கும், முன்பற்கள் சந்திக்கவே சந்திக்காது. அவற்றுக்கு வாழ்நாள் முழுக்க மருத்துவர் கைதான்.

பல்லோடு கதை முடிந்துவிடவில்லை. வயிற்றின் கதை அதைவிட விசித்திரமானது.

மாடு புல்லை முன்வயிற்றில் போட்டு நொதிக்க வைக்கிறது, பிறகு அசைபோடுகிறது. முயல் இந்த ஏற்பாட்டைக் கடைக்கோடியில் வைத்திருக்கிறது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெருங்குடல்வாய்ப் பை என்ற பெரிய தொட்டி. முயலின் செரிமானப் பாதையின் கொள்ளளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தத் தொட்டிதான். உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் நார்ச்சத்தை நொதிக்க வைத்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால் தொட்டிக்குள் எல்லாவற்றையும் விடுவதில்லை. பெருங்குடலின் முற்பகுதி ஒரு சல்லடை. அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய நார்த் துணுக்குகளை அது முன்னே தள்ளிவிடுகிறது, அவைதான் நாம் பார்க்கும் உருண்டை உருண்டையான காய்ந்த புழுக்கைகள். நுண்ணிய துகள்களையும் நீரையும் பின்னோக்கித் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறது. முன்னே ஓர் ஓட்டம், பின்னே ஓர் ஓட்டம், ஒரே குழாயில். இந்தச் சல்லடை வேலைக்குத் தாளம் போட்டுக் கொடுப்பது பெருங்குடலின் நடுவே தசை தடித்த ஒரு சிறு பகுதி, ஃபியூசஸ் கோலை என்று பெயர். முயல் வரிசை விலங்குகளுக்கே உரிய உறுப்பு இது.

தொட்டியில் நொதித்த சரக்கு தினமும் சில வேளைகளில், சளிப்படலம் போர்த்த, திராட்சைக் குலைபோன்ற மென்மையான உருண்டைகளாக வெளியே வரும். முயல் குனிந்து அதை ஆசனவாயிலிருந்தே நேராக வாயில் வாங்கி விழுங்கிவிடும். பார்க்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் நுண்ணுயிரிகள் செய்துவைத்த புரதமும் பி வகை வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. முயலின் ஒரே உணவு இரண்டு தடவை குடலுக்குள் போய்வருகிறது. 1882இலேயே மொரோ என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதை விவரித்து எழுதிவிட்டார். முயல் தன் சாணத்தைத் தானே தின்கிறது என்று பதறிப்போய் மருத்துவரைக் கூப்பிடுகிறவர்கள் இன்றும் உண்டு.

இந்த இயந்திரம் முழுவதையும் ஓட வைப்பது எது தெரியுமா? செரிக்காத நார். சத்தே இல்லாமல் புழுக்கையாக வெளியே போகிற அந்தப் பெரிய துணுக்குகள்தான் குடல்சுவரை உரசி அதை அசைய வைக்கின்றன. கேரட்டில் அது குறைவு, ஆப்பிளில் குறைவு, பிஸ்கட்டில் இல்லவே இல்லை. சோறும் இட்லியும் அன்போடு ஊட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மாவும் சர்க்கரையும் தொட்டிக்குள் மிஞ்சிப் போனால் அங்கே குடியிருக்கும் நுண்ணுயிரிகளின் சமநிலை கெடுகிறது, கெட்டவை பெருகுகின்றன, வாயு சேர்கிறது, குடல் மெல்ல மெல்ல நிற்கிறது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. குடல் நின்றுபோவதுதான் வீட்டு முயல்களைக் கொல்லும் முக்கியமான காரணங்களில் ஒன்று. அரை நாள் தின்னாத முயல், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடிய முயல் அல்ல. கேரட் மோகத்துக்குப் பெரிய காரணம் 1940இல் திரைக்கு வந்த பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயல். அது வாயில் கேரட்டோடு வந்தாலும் வந்தது, உலகமே முயலுக்குக் கேரட் வாங்கத் தொடங்கிவிட்டது.

சரி, பல்லுக்கும் வயிற்றுக்கும் பொம்மை வேண்டாம். பொழுதுபோக்குக்கு? நாள் முழுக்க ஒரு கூண்டிலோ அறை மூலையிலோ கிடக்கும் பிராணிக்கு விளையாட ஏதாவது வேண்டாமா? இது நியாயமான கேள்வி. பொம்மைக் கடைக்காரர்களின் பலமான வாதமும் இதுதான். இதற்கு நேரடியாகவே சோதனை நடந்திருக்கிறது.

ஸ்வீடன் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் லேனா லிட்ஃபோர்ஸ் 1997இல் வெளியிட்ட ஆய்வு, ஏதோ நம் கேள்விக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. தனிக் கூண்டுகளில் வளர்ந்த ஆய்வக முயல்களில் சிலவற்றுக்கு உலர்ந்த புல், சிலவற்றுக்கு அழுத்திக் கட்டியாக்கிய புல், சிலவற்றுக்குக் கடிக்கும் குச்சிகள், சிலவற்றுக்கு ஏறி ஒளிய ஒரு பெட்டி என்று வைத்தார், சிலவற்றுக்கு ஒன்றும் வைக்கவில்லை. முயல்கள் அதிக நேரம் செலவிட்டது புல்லோடு. அடுத்தது புல் கட்டியோடு. குச்சியும் பெட்டியும் பின்தங்கிவிட்டன. கூண்டுக் கம்பியைக் கடிப்பதுபோன்ற சலிப்பின் அடையாளங்களைக் குறைப்பதிலும் குச்சியைவிடப் புல்லே கைகொடுத்தது.

இன்னொன்று, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பிரெபிளும் அன்னா மெரிடித்தும் அவர்களுடைய குழுவும் நடத்தியது, 2015இல் வெளிவந்தது. டச்சு இன முயல்கள் 32. நான்கு விதமான உணவு: புல் மட்டும், பெல்லட்டும் புல்லும், தானியக் கலவையும் புல்லும், தானியக் கலவை மட்டும். 17 மாதம் இப்படியே ஓட்டினார்கள். தானியக் கலவை மட்டும் தின்றவற்றின் கீழ்க் கடைவாய்ப் பல் நீண்டு வளைந்தது. அது எதிர்பார்த்ததுதான். எனக்குச் சுவையாகப் பட்டது நடத்தை பற்றிய பகுதி. புல் இல்லாத முயல்கள் சீக்கிரமே தின்று முடித்துவிட்டன, மீதி நேரம் சும்மாவே கிடந்தன. புல் கிடைத்தவை தின்றுகொண்டும் நடமாடிக்கொண்டும் இருந்தன, விபரீதப் பழக்கங்கள் அவற்றிடம் காணப்படவில்லை. தரையில் தலை குனிந்து மேய்கிற நிலையில் தின்னவே அவை விரும்பின என்பதையும் குறித்து வைத்திருக்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. வீட்டு முயலின் மூதாதை ஸ்பெயின், போர்த்துகல் பகுதியின் காட்டு முயல். வளையை விட்டு வெளியே வரும் பொழுதில் பெரும்பகுதியை அது மேய்வதிலேயே கழிக்கிறது. தேடுவது, மோப்பம் பிடிப்பது, ஒரு இதழை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுப்பது, மெல்லுவது, காதைத் தூக்கிப் பார்ப்பது, மறுபடி மெல்லுவது. அதன் மூளை அந்த வேலைக்காக அமைந்தது. நாமோ ஒரு கிண்ணத்தில் அரை மணி நேரத்துத் தீனியைப் போட்டுவிட்டு, மீதி நேரத்துக்கு மணி வாங்கித் தொங்கவிடுகிறோம்.

உழைத்துத் தின்பதில் விலங்குகளுக்கு ஒரு ருசி இருக்கிறது என்பதும் பழைய கண்டுபிடிப்பு. 1963இல் கிளென் ஜென்சன் என்ற உளவியலாளர், எலிகளுக்கு முன்னால் ஒரு கிண்ணம் நிறையத் தீனியும், அழுத்தினால் தீனி விழும் ஒரு நெம்புகோலும் வைத்தார். கிண்ணம் பக்கத்திலேயே இருக்க, எலிகள் போய் நெம்புகோலை அழுத்தின. பிறகு பல விலங்குகளில் இதே போக்கு தெரிந்தது. வீட்டுப் பூனைகள் மட்டும் இந்தப் பட்டியலில் சேரவில்லை, கிண்ணம் இருக்கும்போது எதற்கு மெனக்கெட வேண்டும் என்பது அவற்றின் கட்சி.

ஆக, புல்லா பொம்மையா என்று கேட்டால் என் தீர்ப்பு ஒருபக்கமானதுதான். கையில் இருப்பது ஒன்றுக்கு மட்டும் போதுமான காசு என்றால் யோசிக்கவே வேண்டாம், புல். நாளொன்றுக்கு முயலின் உடம்பளவு புல் அதன் முன்னால் இருக்க வேண்டும். பெல்லட், கிலோ எடைக்கு 25 கிராம் போதும்.

எந்தப் புல் என்பதில்தான் நம் ஊரில் குழப்பம். மேல்நாட்டுப் புத்தகத்தில் படித்துவிட்டு வைக்கோல் வாங்கிப் போட்டவர்களை அறிவேன். வைக்கோல் வேறு, உலர்புல் வேறு. நெல்மணி முற்றி, சத்தெல்லாம் மணிக்குப் போன பிறகு மிஞ்சும் காய்ந்த தாள்தான் வைக்கோல். அது படுக்கையாக விரிக்க நல்லது, சாப்பாடாக மட்டும் நம்பினால் முயல் மெலியும். உலர்புல் என்பது, கதிர் முற்றுவதற்கு முன்பே, இலையில் சத்து இருக்கும்போதே அறுத்து உலர்த்திய புல். கடைகளில் இதை "ஹே" என்றே கேட்க வேண்டியிருக்கிறது. பனிக்காலத்தில் நாலைந்து மாதம் தரையே தெரியாத நாடுகளில் மாட்டையும் குதிரையையும் காப்பாற்றக் கண்ட வழி அது. வருஷம் முழுக்க ஏதோ ஒரு பச்சை கிடைக்கும் நமக்கு அந்தப் பழக்கம் வேரூன்றவில்லை, அதனால் சொல்லும் பரவவில்லை.

இங்கே பொட்டலத்தில் கிடைப்பது பெரும்பாலும் டிமோத்தி புல். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இந்த ஐரோப்பியப் புல்லைப் பரப்பிய டிமோத்தி ஹான்சன் என்ற விவசாயியின் பெயர் அது. நார் மிகுதி, கால்சியம் அளவோடு இருக்கும், வளர்ந்த முயலுக்குப் பொருத்தம். அதற்குப் பக்கத்திலேயே ஆல்ஃபால்ஃபா என்று இன்னொரு பொட்டலம் இருக்கும். அது நம் குதிரைமசால், பயறு வகைச் செடி. புரதமும் கால்சியமும் கூடுதல். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் சரி, வளர்ந்த முயலுக்குத் தினசரி உணவாக வேண்டாம். தமிழ்நாட்டுத் தீவனப் பயிர்களில் முயல்மசால் என்றே ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, அதுவும் பயறு வகைதான்.

தரம் பார்க்க ஆய்வகம் தேவையில்லை, கண்ணும் மூக்கும் போதும். நல்ல உலர்புல் பழுப்பாக இருக்காது, மங்கின பச்சையாக இருக்கும். தண்டும் இலையும் நீளநீளமாக இருக்க வேண்டும். பொட்டலத்தின் அடியில் தூசியும் தூளுமே தேங்கியிருந்தால் அது பல்லுக்கும் குடலுக்கும் உதவாத சரக்கு, முயலின் மூச்சுக்கும் கேடு. கையில் எடுத்து மோந்தால் லேசான இனிப்பு வாசம் வர வேண்டும். புதுப் புல் காயும்போது வரும் அந்த வாசத்துக்கு முக்கியக் காரணம் கூமரின் என்ற வேதிப்பொருள். நாட்பட்ட ஈர வாடை அடித்தால் பூஞ்சை வந்துவிட்டது என்று பொருள்.

பூசணம் பிடித்த புல்லை "கொஞ்சம்தானே" என்று போடுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் திடீர் திடீரென்று ரத்தம் கசிந்து செத்தன. கொம்பு சீவினால்கூட ரத்தம் நிற்கவில்லை. மாடுகள் தின்ற ஸ்வீட் குளோவர் என்ற தீவனம் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்திருந்ததுதான் காரணம் என்று பிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தார். வாசனை தரும் அதே கூமரினைப் பூஞ்சை ரத்தம் உறையவிடாத நஞ்சாக மாற்றிவிட்டிருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க்கின் குழு அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்ததுதான் வார்ஃபரின். முதலில் எலி மருந்தாக விற்றது, பிறகு இதய நோயாளிகளின் மாத்திரை ஆனது. நம் வீட்டுப் பெரியவர் யாராவது அதைத் தினமும் விழுங்கிக்கொண்டிருக்கலாம். பூசணப் புல்லிலிருந்து மருந்து வந்தது என்பது உண்மை, அதற்காகப் பூசணப் புல்லை முயலுக்குப் போட முடியாது.

ஐப்பசி கார்த்திகையில் சென்னை வீட்டில் புல்லைக் காப்பது ஒரு கலை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூசணம் பிடிக்கும். துணிப் பையிலோ அட்டைப் பெட்டியிலோ, தரையில் படாமல், வெயில் படாத இடத்தில் வைப்பது மேல்.

இறக்குமதிப் பொட்டலம் கட்டுப்படியாகாதவர்கள் மனம் தளர வேண்டாம். முயல் பிறவியிலேயே பச்சைப் புல் தின்னி. வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு வாங்கும் அருகம்புல்லைத்தான் அமெரிக்காவில் பெர்முடா புல் என்று உலர்த்தி முயலுக்கு விற்கிறார்கள். கொங்கு நாட்டு மேய்ச்சல் காடுகளில் வளரும் கொழுக்கட்டைப் புல்லும் நல்ல தீவனம். தெரிந்த இடத்தில், மருந்து அடிக்காத, நாய் புழங்காத, வண்டிப் புகை படியாத புல்லாகப் பார்த்து அறுத்து, கழுவி, நீர் வடியவிட்டுக் கொடுக்கலாம். இதுவரை பெல்லட்டிலேயே வளர்ந்த முயல் என்றால் ஒரே நாளில் குவித்துவிடாமல், பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். புல் வெட்டும் இயந்திரத்திலிருந்து விழும் குவியலை அள்ளிக்கொண்டு வராதீர்கள், நசுங்கிய புல் சூடேறிப் புளித்துவிடும்.

பொம்மையே கூடாது என்பதல்ல என் கட்சி. முயலுக்குத் தோண்ட வேண்டும், ஒளிய வேண்டும், எதையாவது கிழிக்க வேண்டும், உயரமான இடத்தில் ஏறி நின்று பார்க்க வேண்டும், மோவாயை உரசித் தன் வாசனையைப் பூசி "இது என்னுடையது" என்று வைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் இடம் கொடுக்கும் பொருள் நல்ல பொம்மை. வண்ணப் பிளாஸ்டிக்கும் தொங்கும் மணியும் நம் கண்ணுக்காகச் செய்தவை, துண்டு உடைந்து வயிற்றுக்குள் போனால் அறுவை சிகிச்சைவரை கொண்டுபோய் விடும். இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப் பெட்டி, அதற்கு மேல் இன்னொன்று, சாயம் பூசாத பனையோலைக் கூடை, காகிதத் துண்டுகள் நிரப்பிய ஒரு தோண்டும் தொட்டி. அட்டைக் குழாய்க்குள் புல்லைத் திணித்து வையுங்கள், கூடையின் அடியில் கொஞ்சம் மறையுங்கள், நான்கு மூலையிலும் பிரித்துப் போடுங்கள். தேடித் தேடித் தின்னட்டும். பெல்லட்டையும் கிண்ணத்தில் போடாமல் புல்லுக்குள் தூவிவிடலாம். புல்லை உயரக் கம்பிச் சட்டத்தில் செருகுவதைவிடத் தரையில் அகலத் தட்டில் பரப்புவது மேல், எடின்பரோ முயல்கள் குனிந்து மேய விரும்பியது நினைவிருக்கட்டும். கழிவுத் தட்டின் பக்கத்திலேயே புல்லை வைத்தால் முயல் அங்கேயே உட்கார்ந்து தின்றபடி புழுக்கை போடும், வீடு கூட்டுவதும் சுலபம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பொழுதுபோக்கு இன்னொரு முயல். கூட்டமாக வாழும் பிராணி அது. கருத்தடை செய்த ஆணும் பெண்ணும் என்றால் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் அது இரண்டு முயலுக்கான இடம், செலவு, பொறுப்பு. ஒன்றுக்கே நேரமில்லாத வீட்டில் அதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

பஞ்சுவை மயக்கத்தில் வைத்து அந்த முள்ளை ராவிவிட்டார்கள். நான்கு நாள் பொடித்த புல்லைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் ஊட்டினோம். முதல் பத்து நாள் அது உலர்புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பிஸ்கட் டப்பா சத்தத்துக்கே காதை நிமிர்த்திக்கொண்டிருந்தது. அண்ணன் மகள் பிடிவாதமாக பிஸ்கட்டை நிறுத்தினாள், பெல்லட்டைப் படிப்படியாக அளவுக்குக் கொண்டுவந்தாள், தினமும் புழுக்கையை எண்ணினாள். மூன்றாவது வாரம் புழுக்கைகள் பெரிதாகி, வெளிறி, விரலால் நசுக்கினால் புல்துகளாக உதிர்ந்தன. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

முயல் வளர்க்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்க்கக் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் முயலின் கடைவாயைக் காட்டுங்கள், முன்பல் நன்றாக இருக்கிறது என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.